பார்க்காமல் எண்ணிய விரல்கள்

எத்திராஜுக்கு இரண்டு காலிலும் சேர்த்து மொத்தம் நான்கு விரல்கள்தான். இடது காலில் சுண்டுவிரல் ஒன்று, வலது காலில் பெருவிரலும் அதற்கடுத்த இரண்டும். மற்ற ஆறும் 1962-ஆம் வருஷம் இமயமலைப் பனியில் போய்விட்டன. பாரிவாக்கத்தில் பச்சைப் பிள்ளையைக் கேட்டால்கூட இதைச் சொல்லும். சொல்லத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அந்தக் காலைப் பார்த்துச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிய ராணுவ டாக்டர் அவர்.

எத்திராஜின் அப்பா அய்யாசாமி அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டியும் ஏர் ஓட்டியும் பிழைத்தவர். அந்தப் பிழைப்பு தனக்கு வேண்டாம் என்று பத்தொன்பது வயதில் எத்திராஜ் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வரிசையில் போய் நின்றார். பாலமும் சாலையும் போடுகிற படைப்பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருஷம் கழித்துச் சீனாக்காரனோடு சண்டை வந்தபோது, மெட்ராஸ் வெயிலுக்கே பொருந்தாத ஒரு ஜோடி கான்வாஸ் பூட்ஸை மாட்டிப் பனிமலைமேல் ஏற்றிவிட்டார்கள். பதினோரு நாள் அந்தப் பூட்ஸோடு கிடந்தார். விரல்கள் முதலில் மரத்தன, அப்புறம் கறுத்தன, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தார்கள். 63-இல் நாற்பது சதவீதம் ஊனம் என்று எழுதி, அதற்குரிய பென்ஷனும் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பென்ஷன் போட்டார்களே தவிர, சும்மா விட்டுவிடவில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும். ஊனம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று அவர்கள் பார்த்து எழுதுவார்கள். இருபது சதவீதத்துக்குக் கீழே எழுதிவிட்டால் ஊனப் பென்ஷன் நின்றுவிடும். 65-இல் பார்த்த டாக்டர் காலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பழையபடி நாற்பதே இருக்கட்டும் என்று எழுதினார். அடுத்த போர்டு 68 ஆடி மாதம் வந்தது. அங்கேதான் வினை பிடித்தது.

அப்போது எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் நட்டு கம்பெனியில் கேட் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இல்லாத காலை ஷூவுக்குள் விட்டால் முன்பக்கம் தொளதொளவென்று மடங்கும், ஆள் குப்புற விழுவார். அதனால் மிஷின் துடைக்கிற நூல் வேஸ்ட்டைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து மனைவி நாகம்மாளிடம் கொடுப்பார். அவள் அதைப் பழைய துணியில் பொதிந்து, விரல் அளவுக்குத் தைத்து ஷூவின் மூக்கில் அடைத்துக் கொடுப்பாள். இறுக்கி லேஸ் கட்டி, குதிகாலில் பாரம் போட்டு நடந்தால் பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. வலி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

போர்டுக்குப் போகிற அன்றைக்கு அந்த ஷூவை மூஞ்சி தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டார். சட்டையை இஸ்திரி போட்டு, மெடலைக் குத்திக்கொண்டார். பட்டாளத்துக்காரன் ஆபீசர் முன்னால் நொண்டிக்கொண்டு போய் நிற்க மாட்டான். அது அவர்கள் ரத்தத்தில் ஊறின விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அத்தனை பேரையும் முடித்துவிட வேண்டும் என்பது டாக்டரின் கணக்கு. எத்திராஜ் உள்ளே போனபோது அவர் ஒரு கையில் சமோசா வைத்துக்கொண்டு கிரிக்கெட் பற்றி யாரிடமோ டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிளார்க் பாரத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தான். டாக்டர் டெலிபோனைக் கீழே வைக்காமலே, கதவு வரைக்கும் நடந்து காட்டு என்று விரலை ஆட்டினார். எத்திராஜ் நடக்கவில்லை, மார்ச் செய்தார். கதவருகே குதிகாலைத் தட்டித் திரும்பினார். வலி தலைக்கு ஏறியது, முகத்தில் காட்டவில்லை.

"ஷாபாஷ்," என்றார் டாக்டர். "எப்படி இருக்கிறாய், ஜவான்?" என்று இந்தியில் கேட்டார்.

பட்டாளத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. மழையில் நனைந்து கிடந்தாலும், மூன்று நாள் ரொட்டி வராமல் கிடந்தாலும், குண்டு பட்டு ஸ்ட்ரெச்சரில் போனாலும், ஆபீசர் நலம் விசாரித்தால் அதையே சொல்ல வேண்டும். எத்திராஜ் விறைப்பாக நின்று சொன்னார்.

"டீக் ஹை, சாப்."

நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதோடு பரிசோதனை முடிந்தது. ஷூவைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, எத்திராஜ் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். டாக்டர் ஷாபாஷ் சொன்னார் என்று நாகம்மாளிடம் இரண்டு தடவை சொன்னார்.

புரட்டாசியில் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். குமணன்சாவடியில் சைக்கிள் கடை ஓரமாக டைப் மிஷின் வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுக்கிற வீராசாமியிடம் கொண்டுபோனார். வீராசாமி பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். சர்க்கார் பாஷை அத்தனையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஊனம் இருபதுக்குக் கீழ எறங்கிட்ச்சாம்," என்றார் வீராசாமி. "பென்ஷன நிறுத்திட்டானாம். ஒத்துக்கலன்னா ஆறு மாசத்துல அப்பீல் பண்ணுன்னு போட்டுக்கீறான்."

"எப்டி அண்ணாத்தே எறங்கும்? அது இன்னா ஜொரமா, எறங்கறதுக்கு?"

"போர்டு பேப்பர் கெடச்சாதான் தெரியும். இரு, நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் அங்க கீறான்."

நகல் வர இரண்டு மாதம் ஆனது. கார்த்திகை மழை சைக்கிள் கடைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வீராசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொன்னார்.

"ஒசரம் போட்டுக்கீறான், எடை போட்டுக்கீறான். உன்ன தராசுல ஏத்துனானா?"

"அந்த ரூம்ல தராசே கெடையாது."

"பல்லு முப்பத்திரண்டாம்."

எத்திராஜ் வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் இரண்டு பல் இல்லை. அதை எண்ணியதும் அதே லட்சணத்தில்தான்.

"காலு இன்னா போட்டுக்கீறான்?"

வீராசாமி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். "ரெண்டு காலும் நல்லா கீது. வெரலு பத்தும் கீது, கொறை ஒண்ணும் இல்ல. நேரா நடக்கறான். ஒடம்பு நல்லா கீதுன்னு அவனே சொல்றான். பென்ஷனுக்காவ மிகைப்படுத்துறான்னு தெரியுது. அவ்ளோதான்."

எத்திராஜ் எழுந்து மழையில் இறங்கி, ரோட்டோரத்தில் காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பென்ஷன் போனது வயிற்றில் அடித்த அடிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைவிட அந்தக் கடைசி வரி அவரைக் குடைந்தது. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவன் அவனே, மிகைப்படுத்துகிறவனும் அவனே என்று ஒரே மூச்சில் எழுத ஒருவனுக்குக் கை வந்திருக்கிறது. அதற்குக் கையெழுத்துப் போட்ட கை சமோசா தின்ற கை.

"அண்ணாத்தே, பென்ஷன் வர்றது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வரிய அடிக்கணும்," என்றார். "வெரலு கீதுன்னு எழுதுனது பொய்யின்னு அவுனுங்களே எழுதணும்."

வீட்டில் நாகம்மாள் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"நீ இன்னாத்துக்குயா நல்லா கீறேன்னு சொன்ன?"

"ஆபீசர் கேட்டா அப்டித்தான் சொல்லணும்."

"அப்ப அந்த ஆபீசரையே சோறு போடச் சொல்லு."

அவள் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். கேட் காவல் சம்பளத்தில் அரிசிக்கு ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஆகாது. அவள் பூந்தமல்லிப் பக்கம் பூந்தோட்டத்தில் மல்லி பறிக்கப் போக ஆரம்பித்தாள். விடிவதற்குள் எழுந்து போவாள், திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஷூவில் அடைத்த வேஸ்ட்டை எடுத்து வெயிலில் காயப்போடுவாள். அவள் அதைச் செய்கிறபோது எத்திராஜுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

அப்பீலுக்கு அத்தாட்சி வேண்டும் என்றார் வீராசாமி. பூந்தமல்லியில் தசரதன் என்று ஒரு எல்.எம்.பி. டாக்டர் இருந்தார். அவர் காலைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு மொண்ணையையும் அழுத்திப் பார்த்து, அடிக்கோலால் அளந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். வேலை பார்க்கிற டாக்டர் எப்படியிருப்பார் என்று 65-க்குப் பிறகு எத்திராஜ் அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தார்.

போட்டோவும் சேர்க்க வேண்டும் என்றார் வீராசாமி. ஸ்டூடியோக்காரன் அருவியும் அன்னப்பறவையும் வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலி போட்டான். காலை மட்டும் எடுத்தால் யாருடைய காலோ என்று சொல்லிவிடுவார்கள், முகமும் வேண்டும் என்று வீராசாமி சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே பூப்போட்ட துணி விரித்த முக்காலிமேல் இரண்டு பாதத்தையும் தூக்கி வைத்து, பின்னால் முகம் தெரிய எத்திராஜ் உட்கார்ந்தார். பார்ப்பவர் மூஞ்சிக்கு நேரே உள்ளங்காலை நீட்டிக்கொண்டு ஒரு போட்டோ. கல்யாணத்துக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட முதல் போட்டோ அதுதான்.

"கொஞ்சம் சிரிங்க," என்றான் ஸ்டூடியோக்காரன், பழக்கதோஷத்தில்.

எத்திராஜ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அப்பீல் போய், அது எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கி, நினைவூட்டல் போய், அதுவும் தூங்கி, 70-ஆம் வருஷம் மாசி மாதம்தான் அப்பீல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. வராந்தா மட்டும் அதே வராந்தா. அங்கே காத்திருந்தவர்களில் ஒருத்தர், முழங்காலில் குண்டு பட்டவர், நொண்டி நடப்பதைப் பழகிக்கொண்டிருந்தார். உண்மையாகவே நொண்டுகிறவர், கொஞ்சம் தாராளமாக நொண்டுவதற்குப் பழகுகிறார். நாலடி போய், திரும்பி, பக்கத்திலிருந்தவரிடம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார்.

"நீயும் பழகிக்க தம்பி," என்றார் எத்திராஜிடம். "ஷூவப் பாத்தா மாப்ள மாதிரி கீற. உள்ள போனா ஒண்ணும் வேலைக்கி ஆவாது."

ஊனத்தை உள்ளபடி காட்டினால் நம்ப மாட்டார்கள், நடித்தால் நம்புவார்கள். ஒரு சிப்பாயை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினவர்களைத் திட்டுவதற்கு நல்ல வார்த்தையாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். எத்திராஜ் மட்டும் நொண்டப் பழகவில்லை.

உள்ளே மூன்று டாக்டர்களும் ஓரத்தில் ஒரு கிளார்க்கும் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் தலையைத் தூக்காமல், எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். எத்திராஜின் வாய் தானாகத் திறந்தது. பட்டாளத்துப் பழக்கம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

பதில் வரவில்லையே என்று பெரியவர் நிமிர்ந்தார். எத்திராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். ஆபீசர் முன்னால் அனுமதியில்லாமல் உட்கார்ந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஷூவுக்குள் கையை விட்டு, நாகம்மாள் தைத்த துணிப்பொதியை உருவி மேஜைமேல் வைத்தார். அப்புறம் மற்றதையும் வைத்தார். எண்ணெயும் வேர்வையும் ஊறி, கறுத்து, நாற்றமெடுக்கிற இரண்டு பொட்டலங்கள்.

"இதாங்க சாப், பத்து வெரலு கீதுன்னு எழுதிக்கீற வெரலு," என்று தமிழிலேயே சொன்னார்.

இளைய டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பெரியவர் பொத்தவில்லை. எழுந்து வந்து, குனிந்து, காலைத் தொட்டுப் பார்த்தார். பழைய போர்டின் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, கிளார்க் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

வைகாசியில் உத்தரவு வந்தது. ஊனம் நாற்பது சதவீதம். பென்ஷன் அப்பீல் போர்டு நடந்த தேதியிலிருந்து மறுபடி வழங்கப்படும். முந்தைய போர்டின் கருத்தில் தலையிடக் காரணம் இல்லை. கையெழுத்து.

"அப்டின்னா?" என்றார் எத்திராஜ்.

"அப்டின்னா, அந்த போர்டு எழுதுனது அப்ப சரி. இந்த போர்டு எழுதுனது இப்ப சரி."

"68-லயிருந்து 70 வரைக்கும் எனுக்குப் பத்து வெரலு இருந்திச்சின்றானுங்களா?"

வீராசாமி மெல்ல மண்டையை ஆட்டினார். ஒரு டாக்டர் எழுதியது தப்பு என்று இன்னொரு டாக்டர் எழுத மாட்டார், அவர்களுக்குள் அப்படி ஒரு மரியாதை, அதைக் கிளறினால் கிடைத்ததும் போய்விடும், விட்டுவிடு என்றார். நாகம்மாளும் அதையே சொன்னாள். அவள் மல்லி பறிக்கப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் முகத்தில் தெளிச்சி வந்திருந்தது. மூத்தவளை ஹைஸ்கூலில் சேர்த்தார்கள். எத்திராஜ் வருஷத்துக்கு ஒரு மனு போட்டார், அந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லி. பதில் வந்ததில்லை. பிறகு வேலையிலும் பிள்ளைகளிலும் அதுவும் குறைந்துபோனது.

75-ஆம் வருஷம் அடுத்த போர்டு வந்தது. இந்தத் தடவை எத்திராஜ் வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். உட்காருங்கள் என்றார். தமிழில் பேசினார். காலைத் தொட்டுப் பார்த்தார். எத்திராஜுக்கு மனசு லேசானது. பிறகு டாக்டர் ஃபைல் கட்டைப் பிரித்து மேலேயிருந்து நாலைந்து தாள் புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார்.

"68-ல பத்து விரலும் இருந்திருக்கே. போர்டே பார்த்து எழுதியிருக்கு. 70-ல நாலுதான் இருக்கு. நடுவுல எங்க போச்சு? ஃபாக்டரியில வேலை பார்க்கிறதா சொன்னீங்க. மிஷின்ல மாட்டினதா?"

எத்திராஜ் கையிலிருந்த ஷூவைத் தரையில் வைத்தார்.

"பனியில போச்சு சார். 62-ல. அன்னிக்கி அவுரு என் காலையே பாக்கல."

"பார்க்காம எப்படிங்க எழுதுவாங்க? டாக்டர் ரிப்போர்ட் இது." குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "சர்வீஸ்ல பட்ட காயம்னாதான் பென்ஷன். ஃபாக்டரியில பட்டதுக்குப் பட்டாளம் பொறுப்பில்லை."

"63 பேப்பர் அதே கட்டுல அடியில கீது சார்."

டாக்டர் கட்டின் தடிமனைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே வராந்தாவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, காயம் ராணுவச் சேவையில் ஏற்பட்டதா என்பது சந்தேகம் என்று எழுத ஆரம்பித்தார். கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

எத்திராஜ் ஷூவைப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு பஸ் ஏறினார். பஸ்ஸில் ஒருத்தர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். படிக்காத மனுஷர், பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். எத்திராஜ் உட்காரவில்லை. குமணன்சாவடியில் இறங்கி நேரே வீராசாமியிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

வீராசாமிக்கு வயசாகிவிட்டது, கை நடுக்கம் வேறு. ஆனாலும் டைப் மிஷினில் தாளைச் சொருகினார். வழக்கமான மனுதான் என்று நினைத்து, கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு என்று இங்கிலீஷில் ஒரு வரி அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெரல் இல்லன்னு எழுதட்டா, இல்ல பனியில போச்சின்னு ஆரம்பிக்கட்டா?"

"ரெண்டும் வாணாம்," என்றார் எத்திராஜ். "ஏழு வருசமா அதத்தான் எழுதிக்கினு கீறோம். என் காலப் பத்தி இனிமே ஒரு வார்த்த எழுதாத. 68-ல எழுதுனவன் போட்ட கையெழுத்து கோழி கிண்டன மாதிரி கீது, பேரே படிக்க முடியல. அவன் பேரு இன்னான்னு கேட்டு எழுது."